முதலாளி அறையின் நான்கு ஜன்னல்கள்

தலையணை தைக்கும் பட்டறை அது. தம்பி முதலாளி, அவனுடைய அக்காதான் மேற்பார்வை. தம்பிக்குக் கண்ணாடி அறை, அதற்குள் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம். வெளியே அக்காவுக்கும் பதினோரு பெண்களுக்கும் நாள் முழுக்கப் பஞ்சுத் தூசி. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டுதான் தைப்பார்கள்.

அறையைப் பெரிதாக்க ஆசைப்பட்டு ஓர் இன்ஜினியர் பெண்ணை வரவழைத்தான் தம்பி. டேப் பிடித்து அளந்தவள் சொன்னாள்:

"சார், இந்தப் பட்டறைக்கே மொத்தம் நாலு ஜன்னல். நாலும் உங்க ரூம்லதான் இருக்கு. அதையும் மூடி வச்சிருக்கீங்க."

"அவங்களுக்குப் பழகிடுச்சும்மா. நீங்க என் ரூமைப் பாருங்க."

அறையைப் பெரிதாக்கக் கண்ணாடியைக் கழற்றிய அன்று, அக்கா தம்பியின் மேசையைப் பஞ்சு அடைக்கும் இயந்திரத்தை ஒட்டிப் போடச் சொன்னாள்.

"வேற இடம் இல்லடா."

பத்து மணிக்குத் தும்மல் ஆரம்பித்தது. பதினோரு மணிக்குக் கண் சிவந்தது. பெண்கள் துணிக்குள்ளேயே சிரித்துக்கொண்டார்கள். மதியம் கண்ணைக் கசக்கியபடி தம்பி கேட்டான்.

"அக்கா, தினமும் இப்படித்தானா?"

"ஒன்பது வருஷமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து தலைய ஆட்டினியே!"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் இன்ஜினியரைக் கூப்பிட்டான்.

"அந்தப் பிளானைக் கிழிச்சுப் போடும்மா. எல்லாரும் மூச்சு விடற மாதிரி ஒண்ணு போடு."

"அன்னைக்கே போட்டுட்டேன் சார்" என்று பையிலிருந்து ஒரு சுருளை எடுத்தாள் அவள்.

மூன்று வாரத்தில் பட்டறையே மாறிப்போனது. கண்ணாடி அறை திரும்ப வரவில்லை. நான்கு ஜன்னல்களும் தையல்காரிகளுக்குக் காற்றைக் கொடுத்தன. பஞ்சு இயந்திரத்தின் தலைக்கு மேல் ஓர் அகலக் குழாய், பறக்கும் தூசியை உறிஞ்சிப் பெரிய பையில் சேர்த்தது. தம்பியின் மேசை அக்காவின் மேசைக்கு எதிரே.

பெண்கள் தயங்கித் தயங்கி முகத்துத் துணியை அவிழ்த்தார்கள். பஞ்சு அடைக்கிறவள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடிவிடுகிறவள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகியும், சிரித்தால் அவள் கன்னத்தில் குழி விழும் என்பது மற்றவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

"அடிப்பாவி, இத இத்தனை நாளா எங்கடி ஒளிச்சு வச்சிருந்த?" என்றாள் ஜிப் தைக்கிறவள்.

அப்புறம் பேச்சு நிற்கவே இல்லை. யார் மகள் எந்தப் பரீட்சையில் தேறினாள், யார் புருஷனுக்குக் குறட்டை அதிகம் என்று தையல் இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கதை ஓடியது. தலையணை வாங்குகிறவர் போனில் பேசியதில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழாமல், சிரித்துக்கொண்டே தெருவுக்கு எழுந்து போனான் தம்பி.