சீமாட்டியிடம் கேட்கவில்லை

...ஈ கலைக்கிறாள் என்று சொல்லிவிடலாமா, யாருக்குத் தெரியப்போகிறது, தலையை மேலும் கீழும் ஆட்டினால் ஓம், பக்கவாட்டில் ஆட்டினால் இல்லை என்று அவளுக்குப் பழக்கியது நான் ஒருத்திதானே, கோயில் வாசலில் நிற்கிற இத்தனை சனத்துக்கும் அவள் வெறும் கழுதை, குருத்து ஞாயிறுக்கு வெள்ளைத் துணி போர்த்திய கழுதை... ஆனால் சீமாட்டி மறுபடியும் ஆட்டுகிறாள், இல்லை, இல்லை, என் கண்ணையே பார்த்துக்கொண்டு. அடி கள்ளி! மன்னார்த் தெருவெல்லாம் கழுதை திரிய, எங்கள் ஆய்வு நிலையத்தில் கருவிலேயே மரபணுவைத் திருத்தி, மூளைத்திறன் கூடும்படி பிறப்பித்த முதல் குட்டி இவள், பிறந்த அன்றிலிருந்து வளர்ப்பவள் நான், எனக்கு வாய் சும்மா கிடந்ததா, சுவாமியார் பவனிக்குக் கழுதை கேட்டதும் "ஓம் சுவாமி, கூட்டிக்கொண்டு வாறன்" என்று புளுகத்தில், பெருமை தாங்காமல் சொல்லிவிட்டேனே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? இப்போது, இயேசு வேடத்தில் றொட்னி அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி ஏற நிற்கையில், "சீமாட்டி, றொட்னி ஏறட்டோ?" என்று காதுக்குள் கேட்டுத் தொலைத்தேன். கேட்காமலே இருந்திருக்கலாம்... கேட்டுவிட்டு, பதில் விளங்காதது போல நிற்கலாமா?

"என்ன மாக்கிறட், ஏத்துவமோ?" என்கிறார் சுவாமியார். ஈ என்று சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன், "ஏத்தமாட்டாளாம் சுவாமி... வேண்டாமாம்" என்று வந்துவிட்டது. உடனே வாசலெல்லாம் சிரிப்பு, அம்மாடி, சுவாமியாரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார், எல்லாரையும்விடப் பெரிய சந்தோசம் றொட்னிக்கு, "அப்பாடா! எனக்கு ஏறவே பயமக்கா, நான் நடக்கிறன்." ஓசன்னாப் பாட்டோடு பவனி தொடங்கிவிட்டது, கயிற்றை விட்டுவிட்டேன், ஓடிவிடுவாளோ... இல்லை, தானாகவே வருகிறாள், றொட்னிக்குப் பக்கத்தில், பிரான்சிஸ்கா மாமியின் குருத்தோலையைப் பிடுங்கித் தின்றபடி, எதற்கெடுத்தாலும் ஏசுகிற மாமி மற்றக் கை ஓலையையும் நீட்டுகிறா! எனக்குச் சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா, நெஞ்சு கொள்ளாத சந்தோசம், கேட்டேன், சொன்னாள், அதன்படி நடந்தது, வேறென்ன வேண்டும், நாளைக்கு நிலையத்தில் சொன்னால் துள்ளிக் குதிப்பார்கள், மூளையைக் கூட்டினதால்தானே இல்லை என்று சொல்லத் தெரிந்தது... கடைத்தெரு முனையில் ஊர்க் கழுதைகள் நிழலுக்கு நிற்கின்றன, அந்தக் காது கிழிந்த கழுதையும் நிற்கிறது, போன வருசக் குருத்து ஞாயிறுக்குப் பிடித்துவந்தது அதைத்தான், இதே வாசலில் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றது, முரட்டுக் கழுதை என்று சிரித்துச் சிரித்து எல்லாருமாகப் பின்னால் நின்று தள்ளினோமே... அதுவும் இல்லை என்றுதானா சொன்னது?