நோட்டில் இல்லாதது

டெல்ஃபினா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மகள் படித்து முடிக்கும்வரை இடையில் ஒரு வார்த்தை பேசக் கூடாது, எழுந்துபோய்க் கட்டிக்கொள்ளவும் கூடாது என்று ஆலோசகர் ஒத்தீலியா சொல்லியிருந்தாள். வாயை அடக்கிவிடலாம், கைகளைத்தான் நம்ப முடியவில்லை. எதிரே நெல்சியா கோடு போட்ட நோட்டை மடியில் விரித்து, எங்கே தொடங்குவது என்று விரலால் தேடிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது முடிந்துவிட்டது. சுகாதார நிலையத்தில் மருந்துப் பெட்டிகள் அடுக்கிய அந்தச் சின்ன அறைக்கு அவர்கள் வருவது இது பன்னிரண்டாவது புதன்கிழமை.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் புயலடித்து புஸி ஆறு ஊருக்குள் வந்தபோது டெல்ஃபினா ஊரில் இல்லை. அக்கா வீட்டுச் சாவுக்காக பெய்ரா நகரத்துக்குப் போயிருந்தாள். நெல்சியாவையும் மூன்று வயது மகன் டினிஸையும் பக்கத்து வீட்டு ரொசாலியாவிடம் விட்டு, நாளைக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் கிளம்பினாள். திரும்பி வரப் படகு கிடைத்தது ஆறாம் நாள். ரொசாலியா பிள்ளைகளைத் தகரக் கூரைமேல் ஏற்றியிருந்தாள். இரண்டாம் நாள் விடியும்போது டினிஸ் தண்ணீரோடு போய்விட்டான். தப்பித்தவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் நெல்சியா மட்டும் கிடைத்தாள்.

அதற்குப் பிறகு அவன் பெயரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. மேகம் கறுத்தால் நெல்சியா மேசைமேல் ஏறிக்கொள்வாள். நகத்தை ரத்தம் வரும்வரை கடிப்பாள். பள்ளிக்குப் போவது நின்றது, பேச்சும் ஒன்றிரண்டு சொல்லாகக் குறைந்தது. சபையில் ஜெபம் செய்து பார்த்தார்கள். வைத்தியர் ஒருவர் மூலிகைத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். மூன்று பேர் பிடித்தும் அவளை அடக்க முடியவில்லை. அன்றைக்கு மகள் போட்ட கூச்சலைக் கேட்ட பிறகு டெல்ஃபினா யாரையும் தண்ணீர் ஊற்ற விடவில்லை. கடைசியில் நர்ஸ் ஒருத்திதான் ஒத்தீலியாவைப் பற்றிச் சொன்னாள்.

பேசியே குணப்படுத்துவார்கள் என்றதும் அடிபம்பில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் சிரித்தார்கள். "பேசறதுக்கு ஒரு ஆஸ்பத்திரியா? இங்க கூட்டிட்டு வா, நாங்க நாள் பூரா சும்மாதானே பேசறோம்" என்றாள் ஒருத்தி. டெல்ஃபினாவும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் புதன்கிழமை தவறாமல் வந்தாள்.

ஒத்தீலியாவுக்கு முப்பது வயது இருக்காது. மூக்குக்கண்ணாடியின் உடைந்த கம்பியை நூலால் கட்டியிருந்தாள். முதல் சில வாரங்கள் புயலைப் பற்றிக் கேட்கவே இல்லை. சுடுகளியை ஊதுகிற மாதிரி மெதுவாக மூச்சுவிடச் சொல்லிக்கொடுத்தாள். பயம் வந்தால் உடம்பில் எந்த இடத்தில் உட்காருகிறது என்று காட்டச் சொன்னாள். பிறகு அந்த நாளைத் துண்டு துண்டாகச் சொல்ல வைத்து, சொன்னபடியே எழுதி, திரும்பப் படித்துக் காட்டினாள். தண்ணீர் கறுப்பு இல்லை, பால் விடாத டீ மாதிரி என்று நெல்சியா திருத்தினாள். இரண்டு வரியில் தொடங்கியது எட்டுப் பக்கமானது. போன வாரம் ஒத்தீலியா அந்த எட்டுப் பக்கத்தையும் டெல்ஃபினாவுக்குத் தனியாகப் படித்துக் காட்டினாள். மகள் முன்னால் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக. டெல்ஃபினா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். இனிக் கேட்பதற்கு ஒன்றும் பாக்கியில்லை என்றுதான் இன்றைக்கு வந்தாள்.

நெல்சியா எழுத்துக்கூட்டிப் படித்தாள். "நான் டினிஸ விடல. அவன் சட்டையப் பிடிச்சிருந்தேன். அது என்னோட பழைய சட்டை. அவனுக்குப் பெருசு. சட்டை என் கையில இருந்துச்சு. அவன் அதுக்குள்ளேர்ந்து போயிட்டான்." டெல்ஃபினா கைகளை இன்னும் அழுத்திக்கொண்டாள். கடைசி வரி வந்தது. "இப்ப நான் தகரத்து மேல இல்ல. தரையில இருக்கேன்."

ஒத்தீலியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நெல்சியா நோட்டை மூடி, அதன் அட்டையைப் பார்த்துக்கொண்டே மேலே பேசினாள்.

"அதுக்கப்புறம் அம்மா வந்தாங்க. நான் எழுந்து நின்னேன். அம்மா எனக்குப் பக்கத்துல பார்த்தாங்க. பின்னாடி பார்த்தாங்க. 'தம்பி எங்கடி?'ன்னு கேட்டாங்க. என்னைப் பார்க்கல."

ஒத்தீலியாவுக்கும் அது புதிது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

உப்பு டப்பா எங்கே, செருப்பு எங்கே என்று கேட்டால்கூட மகள் அப்படியே உறைந்து நிற்பதும், சில நேரம் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடுவதும் டெல்ஃபினாவுக்கு நினைவு வந்தது. அதையெல்லாம் அவள் வெள்ளத்தின் கணக்கில்தான் சேர்த்து வைத்திருந்தாள். தண்ணீரைத் திட்டினாள், ரொசாலியாவைத் திட்டினாள், பெய்ராவுக்குப் போன தன் கால்களைத் திட்டினாள். அந்த ஒரு கேள்வி மட்டும் அவள் மனதில் இல்லவே இல்லை. கேட்டது நிஜம்தான். ஆறு நாள் தூக்கமில்லை, சோறில்லை, டினிஸைப் பற்றி யாருமே வாய்திறக்கவில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் எழுந்து நின்ற ஏழு வயதுப் பிள்ளைக்கு அதனால் என்ன?

ஒத்தீலியாவைப் பார்த்தாள். பேசலாம் என்று அவள் தலையசைத்தாள்.

"கேட்டேன். அதையேதான் கேட்டேன்" என்றாள் டெல்ஃபினா. "தப்பு, நெல்சியா. நீ விட்டுட்டேன்னு நான் ஒருநாளும் நெனச்சதில்ல. உன்னைக் கண்டதும் ஒரு புள்ள கெடைச்சிருச்சுன்னு மனசு சொல்லுச்சு. உடனே இன்னொன்னத் தேடப் போயிருச்சு. கெடைச்சத உன்கிட்ட சொல்லவே இல்ல."

"நான் நின்னுட்டே இருந்தேன்."

"இப்பத்தான் தெரியுது."

நெல்சியா ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. நோட்டின் முனையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு இதையும் எழுத வேண்டுமா என்று ஒத்தீலியாவிடம் கேட்டாள். நீ சொன்னால் எழுதலாம் என்றாள் அவள்.

"எழுதுங்க. அம்மா சொன்னதையும் எழுதுங்க."

வாசலில் ஒத்தீலியா டெல்ஃபினாவை நிறுத்தி, இன்னும் சில புதன்கிழமைகள் வர வேண்டியிருக்கும் என்றாள். "உங்களுக்கும் தனியா ஒரு மணி நேரம் வைக்கிறேன், அக்கா" என்றாள். எனக்கு எதற்கு என்று கேட்கத்தான் டெல்ஃபினா வாயெடுத்தாள். பிறகு சரி என்று சொல்லிவிட்டாள்.

பாதி வழியில் கால் வலிக்கிறது என்றாள் நெல்சியா. பதினோரு வாரமாக இதே பாதையில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. டெல்ஃபினா இடுப்பில் சுற்றியிருந்த மேல்துணியை அவிழ்த்துவிட்டுக் குனிந்தாள். மகள் முதுகில் ஏறியதும், கைக்குழந்தையைக் கட்டுகிற மாதிரி துணியைச் சுற்றிக் கட்டினாள். முடிச்சு மார்புக்குமேல் எட்டியும் எட்டாமலும் நின்றது. சோளம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள், "கொஞ்ச தூரம் போனா அது உன்னைத் தூக்கிட்டுப் போகும் போல" என்று சிரித்தார்கள். முந்திரி மரம்வரை சுமக்கலாம் என்று நினைத்தாள். முந்திரி மரம் வந்தது, போனது. நெல்சியா இறங்கவில்லை. நீண்ட கால்கள் டெல்ஃபினாவின் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தன.

"அம்மா, செருப்பு விழுந்திருச்சு."

"கெடக்கட்டும்."

பின்னால் மணல் பாதையின் நடுவில் ஒற்றைச் செருப்பு குப்புறக் கிடந்தது.