கப்பலில் ஏறித் தோட்டத்தில் இறங்குவது

ஏழாம் பதிலில் தொடங்கினால் பதினொன்றாம் பதிலில் போய் முடிந்தது. ஏன் என்று பட்டுவுக்கு விளங்கவேயில்லை.

கைடைப் பார்க்காமல் மூன்று முறை சொல்லிப் பார்த்தாயிற்று. ஏழாவது பதில், மகளைக் கரையில் விட்டுவிட்டு ஒன்பது வருஷம் கடலில் சுற்றிய கேப்டனைப் பற்றிய நாவலுக்கு. பதினொன்றாவது, அடுத்த வீட்டுக்காரரோடு மதில் சண்டை போடும் விதவையைப் பற்றிய நாடகத்துக்கு. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் கேப்டனைத் துறைமுகத்திலிருந்து ஒழுங்காகக் கிளப்பிக்கொண்டு போவாள். பாதி வழியில் அவர் காணாமல் போய், விதவை செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

"அண்ணி, மறுபடியும் கப்பல்ல ஏறி தோட்டத்துல எறங்கிட்டீங்க," என்றாள் நாத்தனார். தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைடு, மெஷினில் யாருடைய பாவாடையோ.

"எந்த எடத்துல மாறுனேன்?"

"அதான் தெரியல. நூல் மாத்தறேன்னு ஒரு நிமிஷம் குனிஞ்சேன். நிமிர்ந்தா தோட்டம்."

பட்டு என்பது டெப்போவில் வைத்த பெயர். பதினோரு வருஷமாக அவள் பஸ் ஓட்டுகிறாள். அவள் பிரேக் போட்டால் நிற்பவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை, அத்தனை பட்டாக நிற்கும். அந்தப் பிரேக்குக்கு விலையாகப் போனது வலது முழங்கால். வண்டி ஓட்டுவதை விடும்படி டாக்டர் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டெப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கண்ட்ரோல் ரூமில் மட்டும்தான். அதற்கு டிகிரி வேண்டும். அஞ்சல் வழியில் சேர்ந்து எல்லாப் பேப்பரையும் முடித்துவிட்டாள், ஆங்கில இலக்கியம் ஒன்றைத் தவிர. அதில் இரண்டு முறை கவிழ்ந்தாள். மூன்றாவதுதான் கடைசி. அதிலும் கவிழ்ந்தால் பதிவு ரத்து. மறுபடி முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பரீட்சை இருபத்தேழாம் தேதி என்றுதான் காலண்டரில் வட்டம் போட்டிருந்தாள். அதைப் பதினேழுக்கு மாற்றியதாகச் சொன்ன கடிதம், டெப்போவில் அவள் பெயர் போட்ட தட்டில், டயர் சோதனைப் படிவங்களுக்கு அடியில் மூன்று வாரமாகப் படுத்திருந்தது. இன்றுதான் கையில் கிடைத்தது; இன்று பதினாறு. நாளை மதியம் இரண்டு மணிக்குப் பரீட்சை. காலை ஷிப்டை மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை.

"கதை தெரியும்ல உங்களுக்கு? அதையே எழுதிட்டு வாங்களேன்."

"கதை தெரியும்டி. இங்கிலீஷ் வர வேணாமா? கைடுல இருக்கறதுதான் நல்ல இங்கிலீஷு."

"நல்ல இங்கிலீஷுதான். ஆனா அது எந்த ஊருக்குப் போகுதுன்னு அதுக்கே தெரியலையே."

பட்டு சிரித்தாள். நான்காவது முறையும் சொன்னாள். கேப்டன் கிளம்பினார், விதவை வந்து சேர்ந்தாள். கைடை மூடிவிட்டுப் படுக்கப் போனாள்.

மறுநாள் பதினொன்றே காலுக்கு ஷிப்ட் முடித்து டெப்போவின் டீ அறைக்கு வந்தபோது உள்ளே ஒரே சிரிப்பு. நடுவில், மீசை என்று எல்லோரும் கூப்பிடும் டிரைவர் உட்கார்ந்திருந்தான். நான்கு வருஷமாக ஆறாம் நம்பர் ஓட்டியவன்; மூன்று நாள் முன்புதான் ஒன்பதாம் நம்பருக்கு மாற்றியிருந்தார்கள். மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய நாற்பது பேரை இன்று அவன் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறான்.

"எல்லாருக்கும் உடம்பு சரியில்லன்னு நெனச்சியாடா?" என்றது ஒரு குரல்.

"தூக்கம்லாம் இல்லக்கா," என்று மீசை பட்டுவிடம் முறையிட்டான். "நல்லா முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். கைதான் தானா திரும்பிடுச்சு."

"தண்ணித் தொட்டிகிட்டயா?"

"அங்கதான்! எப்படிக்கா கண்டுபுடிச்சீங்க?"

பட்டுவுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஒரு பிஸ்கட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். "இது பேங்கு. அந்த டம்ளர் தண்ணித் தொட்டி. பேங்குலேந்து தொட்டி வரைக்கும் ஆறும் ஒன்பதும் ஒரே ரோட்டுலதான போகுது? அஞ்சு ஸ்டாப்பு. அந்த அஞ்சு ஸ்டாப்புல நீ எந்த நம்பர் ஓட்டறன்னு ரோடு உனக்குச் சொல்லாது. ரெண்டுக்கும் அதே மரம், அதே கடை. தொட்டிகிட்ட வந்ததும் கை என்ன பண்ணும்? அதிகமா போன பக்கம் திரும்பும். நாலு வருஷம் இந்தப் பக்கம், மூணு நாள் அந்தப் பக்கம். யாரு ஜெயிப்பா? பொது ரோடு இருக்கற வரைக்கும் இப்படித்தான்—"

பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, பிஸ்கட்டு நமத்துப் போச்சா?"

பட்டு பைக்குள்ளிருந்து கைடை உருவினாள். ஏழாம் பதிலை இடது கையால் பிடித்துக்கொண்டு, பதினொன்றை வலது கையால் விரித்தாள். இரண்டிலும் வரி வரியாக விரலை ஓட்டினாள். ஏழில் ஆறாவது வரி: மனித மனத்தின் ஆழத்தை ஆசிரியர் இங்கே நமக்கு அழகாகக் காட்டுகிறார் என்று ஆங்கிலத்தில் இருந்தது. பதினொன்றில் ஐந்தாவது வரியும் அதேதான். ஒரு எழுத்து மாறவில்லை.

கைடு எழுதிய புண்ணியவான் பக்கத்தை நிரப்ப ஒரே வரியை எடுத்து எடுத்து ஒட்டியிருந்தார். எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டு பதிலில் ஒன்பதில் அது இருந்தது. நெட்டுருப் போடும்போது மனம் முழுப் பதிலையும் பார்ப்பதில்லை. இந்த வரிக்கு அடுத்தது எந்த வரி என்று மட்டும்தான் பார்க்கும். அந்தப் பொது வரியில் வந்து நின்றதும், எந்தப் பதிலிலிருந்து வந்தோம் என்பது அதற்கு மறந்துவிடும். போன பரீட்சைக்காகப் பதினொன்றாவதைத்தான் அவள் அதிகம் உருப்போட்டிருந்தாள். அதனால் கப்பல் ஒவ்வொரு முறையும் தோட்டத்துக்குத் திரும்பியது.

மூளையில் கோளாறு எதுவும் இல்லை. அது ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, மீசையின் கையைப் போல. கைடைப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

பதினொன்றே முக்காலுக்கு வீட்டில் இருந்தாள். நாத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் துணியில் கோடு போடும் சிவப்புப் பென்சிலை நீட்டினாள்.

"அந்த வரிய அடிச்சுத் தள்ளுங்க."

"அடிச்சா நடுவுல ஓட்டை விழுமே. வேற எதையாவது வச்சுத் தைக்கணும்."

"அந்தந்தத் துணியிலேந்தே ஒட்டு எடுங்க. அதுல ஏதாவது பொருள் இருக்குமில்ல? கேப்டன்கிட்ட என்ன இருந்துச்சு?"

பட்டு யோசிக்கவே இல்லை. "தகர டப்பா. மகளுக்கு ஒன்பது கடுதாசி எழுதி, ஒண்ணக்கூட அனுப்பாம அதுக்குள்ளயே வச்சிருப்பான்."

"அந்தம்மாகிட்ட?"

"ஓட்டைப் பூவாளி."

"தகர டப்பா தோட்டத்துல இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் எப்படி அங்க போய் எறங்குவீங்க?"

ஒன்பது பதில்களிலும் சிவப்புக் கோடு விழுந்தது. அடித்த இடத்தில் அந்தக் கதையில் மட்டுமே இருக்கும் ஒரு பொருளைப் பட்டு எழுதினாள், தன் சொந்த ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியமாக. முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு எழுந்து நின்று ஏழாவதைச் சொன்னாள். துறைமுகம் வந்தது, கப்பல் வந்தது, தகர டப்பா வந்தது. டப்பாவுக்கு அப்பால் கேப்டன் கடலிலேயே இருந்தார்.

நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டுக் கை தட்டினாள். "கப்பல்ல ஏறி கப்பல்லயே எறங்கிட்டீங்க! சாப்பிட்டுக் கெளம்புங்க."

இரண்டு மணிக்குக் கேள்வித்தாளைத் திருப்பினாள். முதல் கேள்வி கைடில் இல்லாதது: கேப்டன் கோழையா? பழைய பட்டுவாக இருந்தால் அங்கேயே வண்டியை ஓரம் கட்டியிருப்பாள். இப்போது டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஒன்பது கடிதம் எழுதியவனுக்குப் பாசம் இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்றைக்கூட அனுப்பாதவனுக்குத் துணிச்சல் உண்டு என்றும் சொல்ல முடியாது. அதையே எழுதினாள். இலக்கணம் இரண்டு மூன்று இடத்தில் நொண்டியது, பாதை தப்பவில்லை. ஐந்து கேள்விக்கும் எழுதி முடித்தபோது கால் மணி நேரம் மீதி இருந்தது.

வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். முழங்கால் வலித்தது. பரவாயில்லை என்று இருந்தது.

ஆறு வாரம் கழித்து ஐம்பத்தெட்டு மார்க் வந்தது. கண்ட்ரோல் ரூம் விண்ணப்பத்தில் அவள் கையெழுத்துப் போட்டபோது, அடுத்த தடவை அதே பேப்பர் எழுதப் போகிற மீசை பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, அந்தக் கைடைக் குடுங்க. ஆனா எப்படிப் படிக்கணும்னு எழுதிக் குடுங்க. எனக்குக் கைதான் தானா திரும்பும்னு உங்களுக்கே தெரியும்."

பட்டு சிவப்புப் பென்சிலை எடுத்து அட்டையின் உட்பக்கத்தில் எழுதினாள்: ஒரே வரி இரண்டு பதிலில் இருந்தால் இரண்டிலும் அடித்துவிடு. அந்த இடத்தில் அந்தக் கதையில் மட்டும் இருக்கும் ஒரு பொருளை வை.