படத்தில் ஆள் இருக்கக் கூடாது

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற அவனுக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் பம்பர். சாயங்காலம் கடையைப் பூட்டிய கையோடு தெருத்தெருவாகச் சுற்றுவான். வித்தியாசமான கார் ஒன்று கண்ணில் பட்டால் போதும், சோறு தண்ணி மறந்துவிடும். வாங்கப் போகிறானா என்ன? சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. படம் எடுத்து, இவனைப் போலவே கிறுக்குப் பிடித்த ஒரு குழுவுக்கு அனுப்புவான். குழுவில் ஒரே சட்டம்தான்: படத்தில் ஆள் இருக்கக் கூடாது. ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தால்கூடக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள்.

சாப்பாடும் படுக்கையும் அக்காள் வீட்டில். அத்தான் வீட்டை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகப் போகிறது. வேலை போனதை மறைத்து, தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார் மனுஷன். உண்மை தெரிந்த அன்று, "உங்க மூஞ்சில முழிக்கவே பிடிக்கல" என்றாள் அக்காள். கோபத்தில் வந்த வார்த்தைதான். அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். போனையும் அணைத்துவிட்டார்.

அக்காள் தம்பியிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நீதான் ஊரையே அளக்கறியே. அவர் எங்கயாவது கண்ணுல பட்டா கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்னு சொல்லு."

"சரிக்கா" என்றான். மனசாரத்தான் சொன்னான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பல் மருத்துவமனையின் பின்தெருவில் ஒரு பச்சைக் கார். இரண்டே கதவு, உருண்டை விளக்கு, கீறல் விழாத பழைய பெயிண்ட். படத்தைப் பார்த்துக் குழுவே ஆடிப்போய்விட்டதாம்.

அக்காளுக்குக் கார் என்றால் நாலு சக்கரம், அவ்வளவுதான். ஆனாலும் தம்பியின் முகத்துக்காகப் போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அன்று எடுத்த முதல் படத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது யாருடா?"

"அது வீணாப்போன படம்க்கா. யாரோ குறுக்க வந்துட்டாரு. அழிக்க மறந்துட்டேன்."

அக்காள் படத்தைப் பெரிதாக்கி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். காரின் விளக்குக்குப் பக்கத்தில், தாடியும் கசங்கிய சட்டையுமாக, ஒரு கையைப் பாதி தூக்கியபடி அத்தான். பார்வை நேராகப் படமெடுக்கிறவன் மேல்.

அப்போதுதான் பம்பருக்கு ஆள் அடையாளம் தெரிந்தது.

"பேசினாரா?"

"இல்லக்கா. நான் திரையிலயேதான் கண்ணா இருந்தேன். விளக்குல வெயில் விழுந்துட்டிருந்துச்சு. விட்டா போயிடுமேன்னு..."

"நீ என்ன சொன்னே?"

மழுப்பியிருக்கலாம். அதற்கும் சாமர்த்தியம் வேண்டுமே.

"கொஞ்சம் தள்ளிப் போங்கன்னேன். கையாலயும் காட்டினேன்."

அக்காள் அடுத்த படத்தைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். பச்சைக் கார் மட்டும் பளிச்சென்று நின்றது.

"வீட்டுக்கு வரணும்னுதாண்டா உங்கிட்ட வந்திருக்காரு" என்றாள். அவள் அழவில்லை. செருப்பைத் தேடினாள். "எந்தத் தெரு? காட்டு."

இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். கார் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. தெரு முனை வரைக்கும் ஓர் ஆள் இல்லை.