பதினொன்று பத்துக்குப் பிறகு

பின்வளவில் தம்பி பஹ்மியின் மையித்தை அடக்கத்துக்காகக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் நுஸ்ரத் அவனுடைய மணிக்கூட்டைப் போனோடு இணைத்தாள். கடலட்டை பிடிக்க இறங்கும்போது பஹ்மி கையில் கட்டுகிற மணிக்கூடு. எந்த நேரம் எவ்வளவு ஆழத்தில் இருந்தான் என்பதை அது வரைபாக வைத்திருக்கும். கடலால் வந்ததும் அவளிடம் காட்டுவான். “இதுவும் உங்கட கணக்குப் பாடந்தானே, ராத்தா.”

விறாந்தையில், பஹ்மி கடலுக்குப் போகிற போட்டின் சொந்தக்காரர் ஆதம்பாவா கதிரை நிறைய இருந்தார். அவருடைய அத்தர் வாடை அறைவரை வந்தது.

“நேத்து ஒருக்காத்தான் இறங்கினவன். இருபது மீற்றர்தான். மேல வந்து சிரிச்சான். அப்பிடியே நெஞ்சு அடைச்சிட்டு. அல்லாஹ்ட நாட்டம்.”

சொல்லிவிட்டுப் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சப்பினார். வருகிறவர்களுக்கெல்லாம் இதே கதை, இதே சப்பல்.

வரைபு திறந்தது. போன கிழமைதான் பத்தாம் வகுப்புக்குப் படிப்பித்திருந்தாள்: முதலில் ஆட்சி, கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, பிறகு வீச்சு, எதுவரை போகிறது. காலை ஆறரையில் தொடங்கியிருந்தது. மூன்று பள்ளங்கள். மூன்றாவதின் அடி நாற்பத்துமூன்று மீற்றர். நின்று நின்று ஏறவேண்டிய கோடு, கடைசியில் சுவர்போல நேராக மேலே வந்து பதினொன்று பத்துக்கு முடிந்திருந்தது. காற்று தீர்ந்தவன்தான் அப்படி வருவான்; வந்தவனை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரத்தத்தில் காற்றுக் குமிழி அடைக்கும்.

ஆஸ்பத்திரித் துண்டில் அவனைக் கொண்டுவந்ததாக இருந்த நேரம் பின்னேரம் மூன்றரை. அட்டை பிடிக்கிற குடாவிலிருந்து கரைக்கு அரை மணித்தியால ஓட்டம்.

நுஸ்ரத் முக்காட்டை இழுத்துவிட்டு நிலையடியில் வந்து நின்றாள்.

“காக்கா, பதினொண்டு பத்துக்குத் தண்ணிக்கு மேல வந்தவன். மூண்டரை வரைக்கும் எங்க வச்சிருந்தீங்க?”

“ஆர் சொன்ன?”

“அவன்ட மணிக்கூடு.”

பிஸ்கட் துகள் ஒட்டிய உதடு அசைந்தது. “மத்தப் பொடியன்மார் இறங்கிக்கொண்டு நிண்டவங்க, தங்கச்சி. அட்டை நல்லாக் கிடந்த இடம். விட்டுட்டு வர ஏலுமா? இவன் போட்டுக்குள்ளதான் படுத்திருந்தான். கால் விறைக்குது எண்டான்…”

“கதைச்சவனா?”

“ஓம். ரெண்டு மணி வரைக்கும் கதைச்சான்.”

குளிப்பாட்டிய கை ஈரம் காயாமல் வாப்பா நடைவாசலில் நின்றிருந்தார்.

அஸர் தொழுகைக்கு முன் மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். ஆதம்பாவா முந்திக்கொண்டு வந்து முன் கம்பைப் பிடித்தார். வாப்பா அந்த விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பிலிருந்து பிரித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் தோளைக் கொடுத்தார்.