போருன்னா எந்தப் போரு?

அட, ‘போருதான்’னு அவ புருஷன் சொன்னதுங்க. அவ காதாலயே கேட்டா!

கொல்லைப்பக்கம் நின்னுக்கிட்டு ஹரிகிருஷ்ணன் போன்ல பேசுறான். “ரெண்டு வருஷமா பாத்தாச்சுண்ணே. போருதான். ஒண்ணுமே இல்ல. மூடிப்புட்டு வேற பாக்கலாம்.”

துணி காயப்போட வந்த அவன் பொண்டாட்டி சௌபர்ணிகா அப்படியே நின்னுட்டா. கல்யாணமாகியும் சரியா ரெண்டு வருஷம். தெனம் சாயங்காலம் “போர் அடிக்குதுங்க”ன்னு இவ சொல்வா, “போனப் பாரு”ன்னு அவன் சொல்வான். அம்புட்டுத்தான் ரெண்டு பேரு பேச்சும். இப்ப அவனுக்கும் போராப் போச்சு போலன்னு நெனச்சா. ஈரத்துணிய வாளியிலயே போட்டா. ஒரு பையில நாலு சேலைய எடுத்துக்கிட்டு, அமராவதிபுதூர்லேருந்து காரைக்குடி வந்து, நாட்டரசன்கோட்டையில இருக்குற அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிட்டா.

அழுகை வரும்னு பாத்தா. வரல. சும்மா இருக்க முடியாம போன்ல அந்த ‘போர்’ங்கற இங்கிலீஷ் வார்த்தையத் தேடுனா. ஓட்டை போடுற போரு இருக்குல்ல, அதுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல வயசாம். பழைய இங்கிலீஷ்ல ‘போரியன்’னு சொல்லியிருக்காக. சலிக்க வைக்கிற போரு நேத்து முளைச்சது, இருநூத்தம்பது வருஷந்தான். எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கும் உறுதியாத் தெரியலையாம். ஒருத்தரு மட்டும், ரெண்டும் ஒண்ணா இருக்கலாம், மெதுமெதுவா ஒரே எடத்துல குடைஞ்சுக்கிட்டே போறதுதானே சலிப்புன்னு எழுதியிருந்தாரு.

அத ரெண்டு தடவ படிச்சா. அதுக்கும் மனசுல ஒண்ணும் ஆகல.

போன் அடிச்சுச்சு. “எங்குட்டு போன? ரிக்கு வண்டி வந்திருச்சு, போர் போட ஆளு அஞ்சு பேரு நிக்கிறாக, டீ போடணும்!”

“எந்தப் போரு?”

“எந்தப் போரா? நம்ம கிணத்தடி போருதான். ரெண்டு வருஷமா தண்ணி வராம காத்துதானே வருது? மூடிட்டு வேற எடத்துல போடுவோம்னு போர் வண்டி அழகுசுந்தரம் அண்ணன்கிட்ட காலையில போன்ல பேசுனேன்ல?”

“என்னயத்தான் சொல்றீகன்னு நெனச்சேன். பஸ்ஸுல இருக்கேன். அம்மா வீட்டுக்கு.”

அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். “அடி கிறுக்கி! போர் வண்டிக்காரன்கிட்ட பொண்டாட்டியப் பத்தியா பேசுவாக?”

இவ சிரிக்கல. அவன் சிரிப்பு பாதியில நின்னுச்சு. பின்னாடி ரிக்கு வண்டி இரையுற சத்தம் மட்டும் கேக்குது.

“சௌபி… அதக் கேட்டு அழுதியா?”

“இல்லங்க.”

“கோவம் வந்துச்சா?”

“அதுவும் வரல. சரின்னு தோணுச்சு. பையெடுத்தேன்.”

“நீ அழுதிருந்தாக்கூட எனக்குப் பரவால்லடி”ன்னான். கொரலு எறங்கிப்போயிருந்துச்சு. “எங்க வந்திருக்க?”

“கல்லல் வரப்போகுது.”

“அங்கயே எறங்கு. பைக்க எடுத்துக்கிட்டு வாரேன்.”

“டீ?”

“டீய விடு. அவுக கடையில குடிக்கட்டும்.”

கண்டக்டரு “கல்லல், கல்லல் எறங்கு”ன்னாரு. இவ எறங்கிட்டா. ஆனா புருஷன் கூப்புட்டதுக்காக எறங்குனாளா, எறங்குன்னு ஒரு சத்தம் கேட்டதுக்காக எறங்குனாளான்னு அவளுக்கே தெரியல. பைய ரெண்டு காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டு நிக்கிறா. வெயிலு மண்டையப் பொளக்குது, அதுவும் உறைக்கல.

அவன் சொன்னது அவளயில்லதான், அது தீந்துபோச்சு. ஆனா ‘போருதான், மூடிப்புட்டு வேற பாக்கலாம்’னு கேட்டப்ப இவளுக்கு வலிக்கவே இல்லையே, அத என்ன பண்றது? இந்நேரம் அவன் பாதி வழி வந்திருப்பான். அவன் வண்டியில ஏறலாமா, அம்மா வீட்டுக்கு அடுத்த பஸ்ஸப் புடிக்கலாமா? நீங்களா இருந்தா என்னங்க பண்ணுவீக, சொல்லுங்களேன்?