செவ்வாய்க்கிழமை நிறம்

கத்சுராகி இறந்த அன்று என்னிடம் பதினோரு சாம்பல் நிற மைகள் இருந்தன. இழவு வீட்டுக்குக் கொடுக்கும் பண உறையில் நீர்த்த மையால்தான் பெயர் எழுத வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எழுதும்போது கண்ணீர் விழுந்து மை கரைந்துவிட்டது என்று அர்த்தமாம். நான் அழவில்லை. பதினொன்றையும் வரிசையாகத் தீட்டிப் பார்த்து, ஐந்தாவதைத் தேர்ந்தெடுத்தேன். முன்பக்கம் பெயர், பின்பக்கம் விலாசம் எழுதிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒன்பது வருடம் அவனோடு இருந்தவளுக்குக் கிடைத்த இடம் அது.

அவன் கோபே துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தான். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். இருவரையும் சேர்த்து வைத்தது எங்கள் பேனாக் கூட்டம். மோட்டோமாச்சியில் ஒரு காபிக் கடையின் மாடியில், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, ஏழு பேர் கூடுவோம். இந்த மைப் பைத்தியத்தை எங்கள் ஊரில் சதுப்பு என்பார்கள். ஒரு புட்டி வாங்கினால் முழங்கால், பத்து வாங்கினால் கழுத்து. அதற்குமேல் எண்ணுவதில்லை.

ஞாயிறு ஊருக்கு. செவ்வாய் எங்களுக்கு. மனைவியிடம் பேனாக் கூட்டம் செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டு அவன் நாகாதாவில் இருக்கும் என் வீட்டுக்கு வருவான். சமையல் மேடையில் ஊசிக்குழாய்களை வைத்துக்கொண்டு மை கலப்போம். ஒருநாள் ஒரு பச்சையும் ஒரு பழுப்பும் சேர்ந்து, ஊதாவில் இரண்டோ மூன்றோ சொட்டு விழுந்து, ஒரு நிறம் வந்தது. மழையில் நனைந்த நங்கூரச் சங்கிலியின் நிறம். காய்ந்தால் எழுத்தின் ஓரத்தில் மட்டும் சிவப்பு ஏறும். அதற்குச் செவ்வாய்க்கிழமை என்று பெயர் வைத்தோம். கலந்த அளவை அவன்தான் குறித்துக்கொண்டு போனான். எனக்கு அவன் எழுதிய கடிதங்களும் அவனுக்கு நான் எழுதிய கடிதங்களும் அந்த நிறத்தில்தான். படித்ததும் என் கடிதங்களைக் கிழித்துவிடுவதாகச் சொன்னான். அவன் எழுதியவற்றை என் வீட்டில் வைக்க விடவில்லை. அடுத்த வாரமே திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவான். அவ்வளவு முன்ஜாக்கிரதை. அந்த மையில் எழுத நான் அவனுக்கு ஒரு பேனா கொடுத்தேன். கறுப்பு உடம்பு, மை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க நடுவில் ஒரு கண்ணாடிச் சன்னல்.

பெருமை யாரை விட்டது? என் மை நோட்டில் அந்த நிறத்தைத் தீட்டி, பெயரும் எழுதி, கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டினேன். செய்முறை கேட்டார்கள். குடித்துவிட்டுக் கலந்தது, அளவு நினைவில்லை என்றேன்.

அவன் போனபோது, நாங்கள் கலந்து அவனிடமே வைத்திருந்த சிறு புட்டியும் போய்விட்டது. அலுவலக மேசையைக் காலி செய்தவர்கள் குப்பையில் போட்டிருப்பார்கள். உலகத்தில் அந்த மை காயாமல் மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடத்தில், அந்தப் பேனாவின் வயிற்றில்.

அதை நான் எடுத்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. எங்கள் கூட்டத்தில் யாராவது இறந்தால், நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்தபிறகு, அவருடைய பேனாக்களைக் கழுவாமல் கொண்டுவரச் சொல்வோம். உள்ளே மிச்சமிருக்கும் மையில் ஆளுக்கொரு தடவை அவர் பெயரை எழுதுவோம். எழுதி முடித்தபின் ஆளுக்கொரு பேனா. அந்தப் பேனாவில் நிப்பு சரியில்லை என்று சொல்லி, எழுதாமலே வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தேன்.

கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருப்பவர் டாக்டர் தாதோகோரோ. ஓய்வுபெற்ற பல் மருத்துவர். ஐம்பது வருடம் பல்லைப் பார்த்த கண்ணால் இப்போது நிப்பைப் பார்க்கிறார். கத்சுராகியின் மனைவி ஃபுமினோவை அவர்தான் அழைத்திருந்தார். அந்த அம்மா பாவம், இத்தனை வருடமாகக் கூட்டம் செவ்வாய்க்கிழமை என்று நினைத்துக்கொண்டிருந்தாள், நான்தான் இழவு வீட்டில் திருத்தினேன் என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்படியென்றால் செவ்வாய் பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் போனேன். பேனா வேண்டுமே.

ஃபுமினோ கறுப்பு உடையில் வந்தாள். குனிந்து வணங்கினாள். பன்னிரண்டு பேனாக்கள் இருந்த தட்டை மேசையில் வைத்தாள். நடுவில் எங்கள் மை நோட்டுகள் வழக்கம்போல் விரித்துக் கிடந்தன. டாக்டர் முதல் பேனாவை எடுத்து எழுதினார். வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை.

"நல்லா கழுவிட்டேன் டாக்டர்," என்றாள் ஃபுமினோ. "பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு, பிரஷ் வச்சு தேச்சேன். அடுத்தவங்க கைக்குப் போற பொருள் அழுக்கா இருக்கக்கூடாதில்ல."

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். கழுவ வேண்டாம் என்று சொன்னதாக ஞாபகம் என்று டாக்டர் மெதுவாக இழுத்தார். ஃபுமினோ மறுபடியும் குனிந்தாள்.

"எனக்கு என்ன தெரியும்? எனக்கு நீலம்னா நீலம், கறுப்புன்னா கறுப்பு. அவ்வளவுதான்."

அது என் வாக்கியம். அவளைக் கிண்டல் செய்து நான் கத்சுராகிக்கு எழுதியது. வங்கியில் இலவசமாகக் கொடுத்த பால்பாயிண்ட் பேனாவில்தான் அவள் எதையும் எழுதுவாள் என்பதை வைத்து நான் இரண்டு பக்கம் எழுதினேன். அவன் கிழிக்கவில்லை. அவள் படித்துவிட்டாள்.

"ஒண்ண மட்டும் கழுவல," என்று சொல்லி, கைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். கறுப்பு உடம்பு. சன்னலில் பாதிக்கு மேல் மை. "நிஷிவாகி-சான், நீங்க ஆரம்பிங்க. அவர் நிறைய சொல்லியிருக்கார், கூட்டத்துலயே நிறம் தெரிஞ்சவங்க நீங்கதான்னு."

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அதை அன்றுதான் பார்த்தேன். நான் ஒரு கோடு இழுத்தால் போதும். அங்கே இருந்த ஐந்து பேரும் நூறு நீலத்துக்குள் ஒரு நீலத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள். ஒரு கை தூரத்தில் என் நோட்டு, செவ்வாய்க்கிழமை என்று என் கையெழுத்திலேயே. எழுதினால் நான் யார் என்று தெரிந்துபோகும். எழுதாவிட்டால் பேனா போய்விடும். நிப்பு சரியில்லை என்று சொல்ல நினைத்தேன். டாக்டர் இருக்கும்போது அந்தப் பொய் ஒரு நிமிடம்கூட நிற்காது.

"எழுதுங்க," என்றார் டாக்டர். "நிப்பு காஞ்சிடப்போகுது."

"எனக்கு இந்தப் பேனா பழக்கமில்ல," என்றேன்.

ஃபுமினோ என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்படியா," என்றாள். "பழக்கமில்லாதவங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. நானே வச்சுக்கறேன். எனக்கும் எழுதற வேலை இருக்கு."

மூடியைத் திருகி, கைக்குட்டையில் சுற்றி, பைக்குள் வைத்தாள். போகும்போது வாசலில் என் பக்கத்தில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள், மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிற குரலில்: "அவர் அலமாரியில ஒரு கட்டு கடிதம் இருந்துச்சு. சவப்பெட்டியில அவர் காலடியில வச்சுட்டேன். அவரோடயே எரிஞ்சிடுச்சு. ரெண்டு பேர் கையெழுத்தும்."

நான் வீட்டுக்கு வந்து சமையல் மேடையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். அன்றைக்கும் அழவில்லை. அவமானம் வந்தால் அழுகை வராது எனக்கு, கோபம்தான் வரும். அவன்மேல்தான் வந்தது. செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். திட்டினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து டாக்டர் தொலைபேசியில் அழைத்தார். இழவுக்கு வந்தவர்களுக்குப் பதில் மரியாதையாக அனுப்பும் தேயிலைப் பொட்டலம் வந்ததாம். மேலே விலாசம் கையால் எழுதியிருந்ததாம்.

"அந்த நிறம்…" என்று நிறுத்தினார். "ஓரம் சிவக்குது. உங்க நோட்டுல இருக்கறதுதானே அது?"

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எல்லாருக்கும் அதே மையிலதான் வந்திருக்கு. வாத்தியாரும் போன் பண்ணார்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நிஷிவாகி-சான், கொஞ்ச மாசம் கூட்டத்துக்கு வராம இருந்தா நல்லது. உங்களுக்குத்தான் சங்கடம்."

இழவுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு மேல். நூறு விலாசங்களில் என் செவ்வாய்க்கிழமையைச் செலவழித்திருக்கிறாள். அவன் அலுவலகத்துக்கு, அண்டை வீட்டுக்கு, அவனுக்குக் காப்பீடு போட்ட ஆளுக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததாக நான் நினைத்திருந்தேன். அவள் அதை நூறு துண்டாக்கி வீடு வீடாக அனுப்பியிருக்கிறாள்.

எனக்கு வந்தது கடைசியில். மறுநாள் மாலை. இழவுப் பண உறையின் பின்பக்கம் நானே அழகாக எழுதிக்கொடுத்த அதே விலாசம், அவள் கையெழுத்தில். கோபே, நாகாதா, தெரு, எண் எல்லாம் செவ்வாய்க்கிழமை. எண்ணிலேயே மை மெலியத் தொடங்கியிருந்தது. நிஷிவாகி என்ற குடும்பப் பெயரில் கீறல் கீறலாகி, அங்கே வற்றிவிட்டது. அதற்குக் கீழே என் சொந்தப் பெயர், "ஓரியே அவர்களுக்கு" என்பது மட்டும் வங்கிப் பேனாவின் நீலத்தில், அழுத்தமாக.

என்னை வரிசையில் கடைசியாக வைத்து, மை தீரும்வரை எழுதியிருக்கிறாள்.

பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. விலாசச் சீட்டை மட்டும் ஆவியில் காட்டி உரித்தெடுத்தேன். கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். எங்களுக்குத்தான் அது தோன்றாது. மையை நனைத்தால் உள்ளிருக்கும் சாயங்கள் தனித்தனியாகப் பிரிந்து நகரும். எது எவ்வளவு என்று ஊகிக்கலாம். எங்கள் கூட்டத்தில் எல்லோரும் செய்வதுதான். என் நோட்டில் தீட்டியது தாளுக்குள் ஊறி இறுகிவிட்டது, அது நகராது. அளவு மட்டும் தெரிந்துவிட்டால் மறுபடியும் கலந்துவிடலாம், புட்டி புட்டியாக, அவள் எத்தனை நூறு விலாசம் எழுதினாலும் தீராதபடி.

ஈரத் தூரிகையின் நுனியால் கோபே என்ற சொல்லைத் தொட்டேன். பச்சை ஒரு பக்கம் ஓடியது. பழுப்பு பின்னால் வந்தது. ஊதா தெரியவில்லை. நாகாதாவைத் தொட்டேன். தெருவைத் தொட்டேன். வழுவழுப்பான தாள், மை உள்ளே இறங்கியிருக்கவில்லை. தொடத் தொடத் தூரிகையோடு வந்துவிட்டது. ஊதா இரண்டு சொட்டா மூன்றா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்று எண்ணைத் தொட்டேன். கடைசியில் குடும்பப் பெயரையும் தொட்டேன்.

கிண்ணத்துத் தண்ணீர் பாத்திரம் கழுவிய தண்ணீர்போல் இருந்தது. அப்போதுதான் அழுதேன். சத்தம் போட்டு, பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டும் அளவுக்கு.

சீட்டு காய்ந்தபோது அதில் இருந்தது வங்கிப் பேனாவின் நீலம் மட்டும்தான். பால்பாயிண்ட் மை தண்ணீருக்கு அசையாது. ஓரியே அவர்களுக்கு.